பள்ளி மைதானத்து வெள்ளிக்காசு

அமெரிக்கச் சிற்றூர்களில் பழைய பள்ளிக்கூடம் இருந்த மைதானங்களில், காதில் ஹெட்போனும் கையில் மெட்டல் டிடெக்டருமாகச் சிலர் மெல்ல நடந்துகொண்டிருப்பார்கள். ஊஞ்சல் இருந்த இடம், பிள்ளைகள் தலைகீழாகத் தொங்கிய கம்பிகளின் அடி, பெரிய நிழல்மரத்தின் சுற்றுவட்டம் ஆகியவற்றில்தான் அவர்களுக்குக் கண். பையிலிருந்த சில்லறை நழுவி விழ இவற்றைவிடத் தோதான இடம் ஏது? அவர்கள் தேடுவது வெள்ளிக்காசை: 1964 வரையிலான பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் நாணயங்களில் 90 சதவீதம் வெள்ளி.

புல்மேல் விழுந்த காசு ஏன் மண்ணுக்குள் போகிறது? பத்து சென்ட் வெள்ளிக்காசின் எடை வெறும் 2.5 கிராம், அந்தப் பாரத்தில் எதுவும் அமிழாது. மண்புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளுகின்றன. அவற்றின் வளைகள் இடிந்து காசு தாழ்கிறது, மேலே புதுமண் ஏறுகிறது. இதை டார்வின் பல ஆண்டுகள் கவனித்து, 1881-இல் வெளியான தம் கடைசிப் புத்தகத்தில் விளக்கினார்.

அதே 1881-இல்தான் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க, தொலைபேசி தந்த கிரஹாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியுடன் வந்தார். கட்டிலின் எஃகு ஸ்பிரிங்குகள் அதைக் குழப்பிவிட்டன. அதிபர் பிழைக்கவில்லை. ஆனால் இன்றைய டிடெக்டர்களின் அடிப்படை அந்தக் கருவியில் இருந்தது.

டிடெக்டரின் தட்டுக்குள் கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் மண்ணில் இறங்கி, காசுக்குள் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த ஓட்டம் உண்டாக்கும் சிறு காந்தப்புலத்தை இன்னொரு சுருள் பிடிக்கிறது. போகவும் வரவும் வலு குன்றுவதால், சிறு பொருளின் ஆழம் இரட்டிப்பானால் சமிக்ஞை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். ஒரு சாண் ஆழத்துக் காசு கிடைப்பதே அரிது என்பது இதனால்தான்.

காசிலிருந்து திரும்பும் அந்தச் சமிக்ஞை சற்றுத் தாமதித்து வருவதில்தான் எனக்கு வியப்பு அதிகம். உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. அதில் எழுந்த சுழலோட்டம் அடங்க நேரமாகும். கருவி இந்தத் தாமதத்தை அளந்து உச்சத்தில் ஒலிக்கிறது. இரும்பாணிக்குக் கீழ்ஸ்தாயி முனகல்.

தங்கமோ ஏமாற்றும். சுத்தத் தங்கம் நல்ல கடத்திதான். ஆனால் மோதிரத் தங்கத்தில் செம்பு, வெள்ளி, துத்தநாக அணுக்கள் கலந்திருக்கும். ஒழுங்கு குலைந்த அந்த அணுவரிசையில் எலக்ட்ரான்கள் முட்டித் தடுமாறுகின்றன. ஆகவே சின்ன மோதிரத்தின் குரலும், 1960-களில் வந்த பான டின்களின் அலுமினிய இழுப்பு வளையத்தின் குரலும் ஏறக்குறைய ஒன்றே. குப்பையென்று அந்த ஒலியை ஒதுக்குபவர் தங்கத்தையும் சேர்த்தே ஒதுக்குகிறார். நூறு வளையங்களைச் சலிக்காமல் தோண்டுபவருக்கே மோதிரம் கிடைக்கும், அது நியாயமும்கூட.

நிலத்துக்கு உரிய பள்ளி நிர்வாகத்திடம் அனுமதி வாங்காமல் ஒரு பிடி மண்ணையும் எடுக்கக் கூடாது. தோண்டினாலும், புல்லை வேரோடு ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும்படி வெட்டி மடக்கி, வேலை முடிந்ததும் திரும்ப மூடவேண்டும். கிடைத்தது உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் அணியும் வகுப்பு மோதிரமானால் அடுத்த வேலை தொடங்குகிறது. வெளிப்புறத்தில் பள்ளியின் பெயரும் ஆண்டும், பல மோதிரங்களில் உட்புறத்தில் பெயரின் முதலெழுத்துகளும் பொறித்திருக்கும். அந்த ஆண்டின் பள்ளி மலரைப் புரட்டித் தேடி, தொலைத்தவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் உண்டு.