உங்களுக்குத் தெரியுமா? கல்லில் பிறக்கும் பல்!

சூளகிரி வழியாகப் போகும் ஒவ்வொரு கிரானைட் லாரியிலும் பல் செய்யும் சரக்கு இருக்கிறது! கிரானைட்டில் நிறைந்திருப்பவை ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும். முன்பல்லில் ஒட்டும் போர்சலின் வெனீரிலும் காலங்காலமாக அதே இரண்டுதான். ஃபெல்ஸ்பார் மட்டுமே 70 முதல் 80 சதவீதம்!

கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகளுக்கு என்ன வயது தெரியுமா? சுமார் 250 கோடி ஆண்டுகள்!

அப்பேர்ப்பட்ட கிரானைட்டை வளைத்து ஒடிக்க 10 முதல் 20 மெகாபாஸ்கல் அழுத்தம் போதும். கடைவாய்ப்பல்லுக்குப் போடும் ஜிர்கோனியா கேப்பை ஒடிக்க? சுமார் 1,000 மெகாபாஸ்கல்! லித்தியம் டைசிலிகேட் என்ற இன்னொரு பீங்கானில் செய்த கேப் 400 வரை தாங்கும். பழைய ரக போர்சலின் 100-ஐத் தொட்டாலே பெரிய விஷயம்!

ஜிர்கோனியாவின் மூலப்பொருள் நம் கடற்கரையிலேயே கிடக்கிறது! கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் சிர்கான் மணிகள் உண்டு. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது.

சிர்கானுக்குள் ஒளிந்திருந்த சிர்கோனியம் என்ற புதிய தனிமத்தை உலகுக்குக் காட்டியது இலங்கைக் கல்! 1789-ல் ஜெர்மனியின் மார்ட்டின் கிளாப்ரோத் ஆராய்ந்தது இலங்கையில் கிடைத்த சிர்கானைத்தான். நிறமற்ற சிர்கானுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு பெயர், ‘மாத்தறை வைரம்’!

பூமியில் உருவானவற்றில் இதுவரை கிடைத்த மிகப் பழைய கனிமத் துணுக்கும் சிர்கான்தான்! ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. வயது 440 கோடி ஆண்டுகள்!

அதே சிர்கோனியம் உலோகமாக அணு உலைக்குள்ளும் போகிறது! கல்பாக்கம் உலையில் யுரேனியம் அடைத்த குழாய்கள் சிர்கோனியக் கலவையால் ஆனவை. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இதற்கென்றே ஒரு ஆலை இயங்குகிறது!

விரிசலைத் தானே இறுக்கி மூடும் பீங்கான் உண்டா? உண்டு! ஜிர்கோனியாவில் விரிசல் கிளம்பிய நொடியே அதன் நுனியில் இருக்கும் படிகங்கள் வடிவம் மாறி 3 முதல் 5 சதவீதம் வரை வீங்குகின்றன. விரிசல் அங்கேயே நெரிபட்டு நின்றுவிடும். 1975-ல் இதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், ‘பீங்கான் எஃகோ இது?’ என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார்கள்!

இவ்வளவு கெட்டியான பொருளை எப்படிச் செதுக்குகிறார்கள்? கெட்டியாகும் முன்பே! அரைவேக்காட்டு நிலையில் ஜிர்கோனியா வெறும் சுண்ணக்கட்டி போலத்தான் இருக்கும். ஓசூர் பட்டறைக்காரர்களுக்குப் பழகிப்போன சிஎன்சி மில்லிங்தான் இங்கேயும். 98 மில்லிமீட்டர் வட்டிலிலிருந்து கேப்பைக் கடைந்து எடுத்து, சுமார் 1,500 டிகிரி சூளையில் சுடுகிறார்கள். அங்கே அது சுருங்கும் என்பதால் 20 சதவீதத்துக்கும் மேல் பெரிதாகவே கடைகிறார்கள். சூளையை விட்டு வரும்போது கன அளவில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருக்கும்! ஆனாலும் பல்லில் கச்சிதமாக உட்காரும்!

ஊதா நிறப் பல் பார்த்திருக்கிறீர்களா? லித்தியம் டைசிலிகேட் கட்டியைக் கடைந்ததும் கேப் ஊதாவாகத்தான் இருக்கும்! சுமார் 840 டிகிரியில் சுட்டதும் அசல் பல் நிறம்!

ஓசூரில் உருவான டைட்டன் எட்ஜ் வாட்சின் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர் தடிமன்தான். ஊரே பெருமைப்படும் சாதனை! முன்பல் வெனீர் அதிலும் பாதி. 0.5 மில்லிமீட்டர், சில சமயம் வெறும் 0.3!

பீங்கான் கேப்புக்கு 1889-லேயே காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட். அவருடைய பேரன் யார் தெரியுமா? அட்லான்டிக்கைத் தனியாக விமானத்தில் தாண்டிய சார்லஸ் லிண்ட்பர்க்!

வெனீரின் முதல் வாடிக்கையாளர்கள் ஹாலிவுட் நட்சத்திரங்கள்! 1928-ல் பல் மருத்துவர் சார்லஸ் பிங்கஸ் கேமராவுக்காகப் பல்லின் மேல் மெல்லிய ஓடு ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான். நிரந்தரமாக ஒட்ட வழி திறந்தது 1955-ல், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கலாம் என்று ஆய்வாளர் மைக்கேல் புவனகோர் காட்டியபோது!

பல் வெனீரின் உட்புறத்தையும் அமிலத்தால் அரிக்க வைக்கிறார்கள். எந்த அமிலம்? கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம்! லித்தியம் டைசிலிகேட்டுக்கு 20 நொடி போதும். ஜிர்கோனியா அதற்கும் மசியாது! அலுமினா துகளை வேகமாக வீசித்தான் சொரசொரப்பாக்க வேண்டும். அதன் பிறகு துளி எச்சில் பட்டாலும் ஒட்டும் திறன் குறைந்துவிடும்!

கெட்டியான கேப் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்று பயமா? நன்றாகப் பாலிஷ் போட்ட ஜிர்கோனியா, பழைய போர்சலினைவிடக் குறைவாகத்தான் தேய்க்கிறது!

இப்போது நம் மண்ணின் பெரிய ஆச்சரியம். வெனீருக்குச் சரக்கு தரும் அதே வகைப் பாறைதான் பல்லில் கறையையும் போடுகிறது! கிருஷ்ணகிரி, தருமபுரி போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு கலப்பது பாறைக் கனிமங்களிலிருந்துதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் ஆபத்து!

பல்லில் அந்தக் கறை விழுவது பல் வளரும் வயதில் மட்டும்தான்! ஏறத்தாழ 8 வயது வரை. அதற்குப் பிறகு அதே தண்ணீரைக் குடித்தாலும் முன்பல்லில் புதுக் கறை விழாது. எலும்புக்கு மட்டும் எந்த வயதிலும் விலக்கில்லை!

இதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவி. சுமார் 1,928 கோடி ரூபாய். 2013-ல் திறப்பு விழா. காவிரித் தண்ணீர் இரு மாவட்டங்களுக்கும் வந்தது. திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ‘ஃப்ளூரோசிஸ் தணிப்பு’ இருக்கிறது! வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் போர்வெல் தண்ணீரைச் சோதித்தே ஆக வேண்டும் என்பேன். எந்த வெனீரும் அதற்கு ஈடில்லை!

லேசான கறைக்கு வெனீரே தேவைப்படாது! மேற்பரப்பை மெல்லத் தேய்த்து எடுத்தாலே பல பேருக்குப் பளிச்! வெனீர்தான் வேண்டும் என்றாலும் ஃப்ளூரைடு கறை விழுந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. டாக்டர் கூடுதல் நேரம் வைக்க வேண்டும்!

கேப்புக்கும் வெனீருக்கும் நிறம் பார்ப்பதை எப்போது செய்ய வேண்டும்? முதல் வேலையாக! வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து வெளுத்துவிடும். உலகம் முழுக்கப் பிரபலமான விட்டா நிற அட்டையில் மொத்தம் 16 நிறங்கள்!

முழு கேப்புக்காக ராவினால் வெளியே தெரியும் பல்லில் 63 முதல் 72 சதவீதம் போய்விடும்! வெனீருக்கு 3 முதல் 30 சதவீதம்தான். 2002-ல் எடைபோட்டே பார்த்துவிட்டார்கள்!

கேப் போடப் போகிறீர்களா? என்ன பொருள், ஏன் அது, எத்தனை மில்லிமீட்டர் ராவுவார்கள்? நாற்காலியில் சாய்வதற்கு முன்பே மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஒருமுறை ராவிய எனாமல் மறுபடி வளரவே வளராது!