பழைய கசற்றில் இருக்கும் குரலை முழுதாகக் கேட்பதற்கு

எங்கள் ஊர்களில் சில வீட்டு அலுமாரிகளுக்குள் இன்னும் கசற்றுகள் இருக்கின்றன. பாட்டுக் கசற்றுகளைச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருந்த பிள்ளைக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்தவை, கல்யாண வீட்டில் பதிந்தவை. பேசியவர் இன்று இல்லை. சில குடும்பங்களில் அவருடைய படம்கூட மிஞ்சவில்லை. அந்தக் குரலைக் கைத்தொலைபேசிக்கு மாற்றிக் கேட்டவர்கள், "இது அப்பான்ர குரல் மாதிரி இல்லை" என்று சொல்வதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் சொல்வது சரி. ஆண் ஒருவரின் பேச்சுக்குரலின் அடிநாதம் ஏறத்தாழ 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரையில் இருக்கிறது. கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அந்த அதிர்வை எழுப்ப முடியாது. சொல் விளங்கும், நெஞ்சிலிருந்து வரும் கனம் வராது.

அதற்கு ஒரு ஸ்டீரியோ செற் வேண்டும். என்னைக் கேட்டால், கையில் உள்ள காசில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். மரப்பெட்டியில் 5 அல்லது 6 அங்குல ஸ்பீக்கர் உள்ள ஒரு சோடி போதும், பழையதென்றாலும் பரவாயில்லை. பெட்டியில் 2000 வோட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அடித்திருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அது ஒரு கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டு அறைக்குப் பக்கத்துக்கு 20 வோட்ஸ் தாராளம். 90 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் 20 வோட்ஸில் தரும் சத்தத்தை, 87 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 40 வோட்ஸ் வேண்டும். 8 ஓமுக்கென்று செய்த அம்பிளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரைக் கொழுவினால் அது சூடேறும். சப்வூபர் தேவையில்லை. மினிபஸ்ஸில் இடிக்கிற இடி பேச்சுக்கு உதவாது.

சீமெந்து நிலமும் வெறும் சுவரும் உள்ள அறையில் குரல் எதிரொலித்துக் கலங்கும். ஒரு பாயும் கனமான திரைச்சீலையும் செலவில்லாத திருத்தம். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுத்து, கதிரையில் இருப்பவரின் காது உயரத்துக்கு வையுங்கள்.

ஆனால் கசற்றிலிருந்து எடுபடாத சத்தத்தை எந்த அம்பிளிபயராலும் கொண்டுவர முடியாது. ரேப் ரெக்கோடரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகும் குரல் மூடினமாதிரிக் கேட்டால், பதிந்த செற்றின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே சரிவில் இல்லாமல் இருக்கலாம். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை, கசற் ஓடும்போதே, மெல்லத் திருப்பினால் குரல் திறக்கும் இடம் தெரியும்.

எங்களுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவும் ரேப்பும் ஓடின. மின்வலு குறைந்து மெதுவாக ஓடிய செற்றில் பதிந்த குரல், இன்று சரியான வேகத்தில் ஓடும்போது கீச்சென்று கேட்கும். அதை ஸ்பீக்கர் மாற்றித் தீர்க்க முடியாது. கணினியில் ஏற்றி, ஓடசிற்றி என்ற இலவச மென்பொருளில் வேகத்தைக் குறையுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதை, அந்தக் குரலோடு வாழ்ந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தித் தீர்மானியுங்கள்.

இவற்றையெல்லாம் தொடங்கமுன், கசற்றின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக ரெக்கோட் பொத்தானை அமத்தினாலும் அது வேலைசெய்யாது.