மணலில் மூச்சு வாங்குதா? 6 நிமிடம் ரோட்டில் நடந்து பாருங்க!

மாமல்லபுரம் கடற்கரையில் பத்து அடி வைப்பதற்குள் அப்பாவுக்கு இரைக்கிறதா? உடனே பயந்துவிடாதீர்கள். கெட்டியான தரையில் நடப்பதைவிட, அதே வேகத்தில் காய்ந்த மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். அங்கே கையிலிருக்கும் வாட்ச் காட்டும் ஃபிட்னஸ் கணக்கையும் நம்ப வேண்டாம்.

இதயமும் நுரையீரலும் உடம்புக்கு எவ்வளவு ஆக்சிஜன் கொடுக்கின்றன என்று துல்லியமாக அறிய, முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவிடுவார்கள். ஆனால் நுரையீரல் நோயாளிகளுக்கு டாக்டர்கள் வைக்கும் பரீட்சை இன்னும் எளிது. 30 மீட்டர் நீளமுள்ள சமமான வராந்தாவில் 6 நிமிடம் நடக்க வேண்டும்; கடந்த தூரம்தான் மார்க். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பக்கத்தில் யாரும் கூடவே நடக்கக் கூடாது. நம்மை அறியாமல் அவர் வேகத்துக்குப் போய்விடுவோமே!

செங்கல்பட்டு மைதானங்களில் போலீஸ் வேலைக்காக ஓடும் பையன்களுக்குக் கணக்கு வேறு: 7 நிமிடத்தில் 1,500 மீட்டர். அவர்கள் அமெரிக்க டாக்டர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டத்தையும் முயலலாம். ஓடிய மீட்டரில் 505-ஐக் கழித்து 45-ஆல் வகுங்கள். 2,400 மீட்டர் ஓடினால் 42 வரும். ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்தில் உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், மில்லிலிட்டரில். தோராயக் கணக்குதான்.

மாரடைப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் 6 நிமிட நடையைக்கூட முயலக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள்.