பன்னிரண்டு தௌ

பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டால் திருவாதவூர்ப் பக்கம் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. மேலூர்ப் பகுதி ஒருபோகப் பாசனம். 85 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உழவு கேட்கும். கேஜ் வீல் மாட்டிக்கொண்டு தொழிக்குள் இறங்கிய வண்டி பொழுது சாயும்வரை வெளியே வராது. ரேடியேட்டரில் தூசும் தும்பும் அடைத்திருந்தாலோ, ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தாலோ எஞ்சின் கொதித்துவிடும். கொதித்தால் ஹெட் கேஸ்கெட் போகும். ஹெட்டைக் கழற்றி, வால்வு கிரைண்டிங் செய்து, புதுக் கேஸ்கெட் வைத்துப் பூட்டுவது மேலூர்ச் சாலையோர ஒர்க்‌ஷாப்புகளுக்கு வழக்கமான வேலை.

அந்த வேலையின் கடைசிக் கட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கிக்கொண்டு வந்தவர், மூன்று சிலிண்டர் எஞ்சினில் சரியாக ஆறு இடங்களில் மட்டும் வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார். சட்டைப் பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்து, மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறிபோல் விரித்து, அதில் ஒன்றை, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் அந்த வால்வின் தண்டுக்கும் நடுவே செருகுகிறார். எவ்வளவு விடவேண்டும் என்று கேட்டால் ‘பன்னிரண்டு தௌ’ என்பார். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு தௌ. பன்னிரண்டு தௌ என்றால் 0.30 மில்லிமீட்டர், ஜெராக்ஸ் தாள் மூன்றை அடுக்கி வைத்த கனம்.

அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலத்தைத் தவிர எதுவும் இருக்கப்போவதில்லை. ஆனால் அந்த இடைவெளி குறைந்துபோனால் எஞ்சினின் ஆயுள் குறையும்.

காரணம் சூடு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கி, அந்த நெருக்கலில் பிறக்கும் வெப்பத்தாலேயே டீசலை எரியவைக்கிறது. எரிந்த புகை வெளியேறும் வழியில் நிற்பது எக்ஸாஸ்ட் வால்வு. பாரம் இழுக்கும்போது அதன் தலை 600 டிகிரி செல்சியஸ் வரை காயும். இரும்பு காய்ந்தால் நீளும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்திருக்கும்போது இடைவெளியே இல்லாமல் பூட்டிவிட்டால், நீண்ட தண்டு போக இடமில்லாமல் ராக்கரில் முட்டும். ராக்கர் நகராது, எனவே வால்வின் தலை தன் இருக்கையை விட்டு ஒரு மயிரிழை எழும்பி நிற்கும்.

மயிரிழைதானே என்று விட முடியாது. எக்ஸாஸ்ட் வால்வு ஏற்ற சூட்டில் முக்கால் பங்கு, அது சீட்டில் உட்காரும்போது சீட்டின் வழியாகத்தான் சிலிண்டர் ஹெட்டுக்கும் குளிர்நீருக்கும் இறங்குகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 1000 முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் அது உட்கார்ந்து ஆறக் கிடைப்பது ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம். பத்து மணி நேர உழவில் ஆறு லட்சம் முறை இது நடக்கிறது. அந்தச் சின்ன இளைப்பாறலும் கிடைக்காத வால்வு மேலும் காய்கிறது, மேலும் நீள்கிறது, இன்னும் எழும்புகிறது. கூடவே, எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகப் பீய்ச்சி அடித்து விளிம்பைத் தின்கிறது. வால்வு எரிந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். கழற்றிப் பார்த்தால் விளிம்பில் ஓர் இடம் மட்டும் அரிக்கப்பட்டுக் கரிந்து கிடக்கும். அதற்கு முன்பே வண்டி அறிகுறி காட்டியிருக்கும்: காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும், இழுவை குறையும். நெருக்கல் ஒழுகிவிட்டால் டீசலைப் பற்றவைக்கும் சூடும் போய்விடுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இடைவெளி கூடினால் வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடிவிடும், காற்று குறையும். டக் டக்கென்று சத்தமும் வரும். வால்வைத் தள்ளும் கேம் முட்டை வடிவில் இருப்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த முட்டையின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் மிக மெதுவான ஒரு சரிவை வடிவமைப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு தௌ வெற்றிடத்தை மெல்லக் கடந்து, உலோகம் உலோகத்தை அடிக்காமல் தொட வேண்டும் என்பதற்காக. இடைவெளி அளவுக்கு மீறினால் மெதுவான பகுதி முடிந்து வேகப் பகுதி வந்த பிறகே ராக்கர் வால்வைத் தொடும். அப்போது அது தொடுவதில்லை, அடிக்கிறது.

மெக்கானிக் பேச்சில் இந்த இடைவெளிக்கு டேப்பட் என்று பெயர். சத்தம் போடும் டேப்பட் தேய்மானத்தைக் கொடுக்கும். சத்தமே போடாத டேப்பட் வால்வை எரிக்கும். ஓட்டுநர்கள் பயப்படுவது முதலாவதற்குத்தான். ரிப்பேர் முடிந்து ஓடும் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஓர் இளைஞர், “அண்ணே, டேப்பட்டு அடிக்கிற மாதிரி இருக்கே, இன்னும் கொஞ்சம் டைட்டு வைங்களேன்” என்றார். “அடிச்சா அடிக்கட்டும்ப்பா. கேக்காமப் போச்சுன்னாத்தான் மறுபடி ஹெட்டைக் கழட்டணும்” என்று மெக்கானிக் பதில் சொன்னார். வெப்பவியல் பாடப் புத்தகம் சில பக்கங்களில் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பன்னிரண்டு தௌ எல்லா எஞ்சினுக்கும் பொதுவான கணக்கில்லை. நம் பக்கத்து மெக்கானிக்குகளின் வாயில் அது ஏறியதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932-ல் பிராங்க் பெர்கின்ஸ் தொடங்கிய டீசல் எஞ்சின் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை, சென்னையின் சிம்சன் நிறுவனம் 1950-களில் இங்கே கொண்டுவந்தது. சிம்சன் 1840-ல் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய நிறுவனம். 1960-ல் உருவான டாஃபே, சிம்சன் எஞ்சின் பொருத்திய மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தமிழ்நாட்டு வயல்களுக்கு அனுப்பியது. மதுரைக்கு அருகே கல்லடிப்பட்டியிலும் அதற்கு ஆலை இருக்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகரின் ஊர் திருவாதவூர். இன்று அதே ஊர்க்காரர்கள் முப்பத்தைந்து, நாற்பது குதிரைத்திறனை ஒரே பானட்டுக்குள் வாங்குகிறார்கள். பெர்கின்ஸின் புகழ்பெற்ற மூன்று சிலிண்டர் 3.152 வகை எஞ்சினுக்கு, குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், சூடாக இருக்கும்போது 0.010 அங்குலம் என்பது கணக்கு. வேறு வண்டிகளுக்கு வேறு அளவு. சிலவற்றில் எக்ஸாஸ்டுக்கு மட்டும் கூடுதலாக விடச் சொல்லியிருப்பார்கள். அந்தந்த வண்டியின் கையேட்டில் இருப்பதே அளவு.

மூன்று சிலிண்டரில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றும் நான்கும் ஜோடி, இரண்டும் மூன்றும் ஜோடி. ஒன்றில் இரு வால்வுகளும் ஒருசேர ஆடினால், அதன் ஜோடியில் இரண்டும் முழுக்க மூடியிருக்கும். அங்கே கேஜை விடலாம். மூன்றில் ஜோடி கிடையாது. கிராங்க் 240 டிகிரி திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டராக 1, 2, 3 என்று வரிசையாக எரிகிறது. முதல் சிலிண்டரை நெருக்கலின் உச்சியில் நிறுத்திப் பாருங்கள். அதன் இரு வால்வுகளும் மூடியிருக்கும். அதே நொடியில் இரண்டாவது சிலிண்டர் காற்றை இழுத்துக்கொண்டிருப்பதால் அதன் எக்ஸாஸ்ட் மூடியிருக்கும். மூன்றாவது புகையைத் தள்ளிக்கொண்டிருப்பதால் அதன் இன்லெட் மூடியிருக்கும். ஆக நான்கு வால்வுகளை அங்கேயே செட் செய்துவிடலாம். கிராங்க்கை முழுதாக ஒரு சுற்று சுற்றினால் மீதி இரண்டும் கைக்கு வரும். தாளும் பென்சிலும் இல்லாமல் இந்த ஒழுங்கைக் கையில் வைத்திருப்பவர்கள் நம் ஒர்க்‌ஷாப்புகளில் நிறையப் பேர்.

கேஜ் எப்படிப் போக வேண்டும் என்பதற்குத்தான் அளவுகோல் கிடையாது. லேசாகப் பிடித்துப் பிடித்து நகர வேண்டும் என்பார்கள். லாக் நட்டை இறுக்கும்போது, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குருவும் சற்றே நகர்ந்து, சரியாக வைத்த அளவு ஓரிரு தௌ மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி செருகிப் பார்ப்பது கட்டாயம். பழைய ராக்கர் என்றால் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. வால்வைத் தொட்டுத் தொட்டு அதன் மூக்கில் குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் குழியின் இரு கரைகளிலும் உட்கார்ந்துகொள்ளும். குழியின் ஆழம் கணக்கில் வராது. கேஜ் பன்னிரண்டு என்று சொல்லும், உண்மையில் இருப்பது பதினாறோ பதினெட்டோ. எத்தனை முறை செட் செய்தாலும் சத்தம் போகாத வண்டிகளில் முதலில் ராக்கரின் மூக்கைத் தடவிப் பார்க்க வேண்டும்.

ரிப்பேர் முடிந்த எஞ்சினில் இந்த அளவைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வால்வையும் சீட்டையும் கிரைண்டிங் செய்தால் வால்வு ஹெட்டுக்குள் சற்று ஆழமாக உட்காரும்; அதன் தண்டு மறுமுனையில் அவ்வளவுக்கு ராக்கரை நோக்கி உயரும். இடைவெளி குறைகிறது. புதுக் கேஸ்கெட், சூடேறி ஆறியதும் நசுங்கிப் படியும். ஹெட் ஒரு துளி கீழே இறங்க, கேமின் தள்ளலைக் கீழேயிருந்து ராக்கருக்குக் கொண்டுவரும் புஷ் ராடின் நீளம் மாறாததால் ராக்கரின் மறுமுனை வால்வை நெருங்கும். இங்கும் இடைவெளி குறைகிறது. பாருங்கள், புதிதாகச் செய்த இரண்டு வேலைகளுமே எஞ்சினை ஆபத்தான பக்கத்துக்கே தள்ளுகின்றன. முதலாவதை அன்றே செட் செய்து சரிக்கட்டிவிடலாம். இரண்டாவது, வண்டி ஓடிய பிறகுதான் வெளிப்படும்.

அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள், கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார்கள். உழவு நெருக்கடியில் பலர் வருவதில்லை. அந்த இளைஞர் வந்தார். ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ராக்கர் கவரைத் திறந்து ஹெட் போல்ட்டுகளை வரிசைப்படி மீண்டும் இறுக்கினார்கள். பிறகு ஃபீலர் கேஜ் விரிந்தது. முதல் இரண்டு சிலிண்டர்களில் பன்னிரண்டு தௌ தகடு சிரமப்பட்டு நுழைந்தது. மூன்றாவதன் எக்ஸாஸ்டில் நுழையவே இல்லை. பத்துத் தௌ தகடுதான் போயிற்று. மெக்கானிக் ஆறு லாக் நட்டுகளையும் தளர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தார். ராக்கர் கவரின் பழைய கார்க் பேக்கிங்கை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, புதுசு வாங்கிவரப் பையனை மேலூருக்கு அனுப்பினார். பழையதையே போட்டால் ஆயில் கசியும்.