ஒயின்காரர்கள் விரட்டும் ஈஸ்ட்

பிரான்சின் போர்தோ பகுதியில் ஒயின் தயாரிப்பவர்களிடம் பிரெட்டனோமைசிஸ் என்று சொன்னாலே முகம் சுளிப்பார்கள். பீப்பாய்க்குள் புகுந்துவிட்டால் நல்ல ஒயினிலும் குதிரை லாயத்து வாடையை ஏற்றிவிடும் ஈஸ்ட் அது. கந்தக டை ஆக்சைடு, நீராவிக் கழுவல் என்று அதை அண்டவிடாமல் வைக்கப் படாதபாடு படுகிறார்கள்.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஆண்டர்லெக்ட் வட்டாரத்தில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் பீர் ஆலையில் கதையே வேறு. போர்தோவின் பேர்பெற்ற திராட்சை வகைகளான மெர்லோவையும் காபர்னே ஃபிரானையும், அந்த ஈஸ்ட் குடியிருக்கும் பீரிலேயே ஊறப்போடுகிறார்கள். அப்படிக் கிடைப்பதுதான் செயிண்ட் லாம்வினஸ்.

அதற்கு அடிப்படையான பீரின் பெயர் லாம்பிக். முளைகட்டிய பார்லி, முளைகட்டாத கோதுமை, பழசாகிக் கசப்பு குறைந்த ஹாப்ஸ். இவற்றைக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றைக் கூரைக்கடியில் உள்ள அகன்ற, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுவார்கள். ஈஸ்ட் எதையும் தனியாகச் சேர்ப்பதில்லை. காற்றும் கட்டடமும் பழைய பீப்பாய் மரமும் கொடுப்பதுதான். கோடையில் இந்த வேலை கிடையாது. வேண்டாத கிருமிகள் மிஞ்சிவிடும்.

பீப்பாய்க்குள் வாடகைவீடு மாதிரி ஆள் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் குடல் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்கள் சிலர். பிறகு, சர்க்கரையில் பெரும்பகுதியை ஆல்கஹாலாக்கும் சாக்கரோமைசிஸ். சில மாதம் கழித்து, லாக்டிக் அமிலம் சுரக்கும் பீடியோகாக்கஸ். இந்தக் கட்டத்தில் பீர் சில சமயம் எண்ணெய்போலக் கொழகொழத்துப் போகும். பார்த்தால் கொட்டிவிடத் தோன்றும். கடைசியாக வரும் பிரெட்டனோமைசிஸ்தான் அந்தக் கொழகொழப்பைச் சிதைத்து பீரை மீட்கிறது.

உண்மையில் இந்த ஈஸ்ட் கெட்ட பெயரோடு அறிமுகமாகவில்லை. 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் நீல்ஸ் யெல்ட் கிளாசன் இதை இங்கிலாந்தின் முதிர்ந்த பீரோடு தொடர்புபடுத்திக் காட்டியபோது, அந்த பீரின் தனிச்சுவைக்கே இதுதான் காரணம் என்றுதான் சொன்னார்.

லாம்பிக்கில் திராட்சை விழுந்ததும் அதன் சர்க்கரையால் நொதித்தல் மறுபடி கிளம்பும். தோலிலிருந்து நிறமும் டானினும் இறங்கும். தோலில் கூமாரிக் அமிலமும் உண்டு. பார்லியிலும் இருப்பதுதான். பிரெட்டனோமைசிஸ் அதை 4-எத்தில்ஃபீனாலாக மாற்றுகிறது. லாயத்து வாடைக்கு முக்கியக் காரணம் இந்த மூலக்கூறுதான். அளவு மீறினால் சகிக்காது. கொஞ்சமாக இருந்தால் பழைய தோல்பை வாசனை. பழத்தின் இனிப்பு மணத்துக்கு அப்படி ஒரு முரட்டுத் துணை தேவை என்பது என் கட்சி.

வாயில் வைத்ததும் முந்துவது புளிப்பு. லாக்டிக் அமிலம் தயிரில் இருப்பது. திராட்சை தரும் டார்டாரிக் அமிலம் நம் புளியில் இருப்பது. இரண்டும் விடுவிக்கும் ஹைட்ரஜன் அயனிகள், நாக்கின் சுவை அணுக்களுக்குள் ஓடோப்1 என்னும் புரதவாயில் வழியே நுழைகின்றன. அந்த வாயில் 2018-இல்தான் அடையாளம் தெரிந்தது. விழுங்கியபின் டானின் எச்சில் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, ஈறு வறண்டு இழுக்கும். அந்தத் துவர்ப்பு சிவப்பு ஒயினுக்கு உரியது. வழக்கமான பீரில் அவ்வளவாகக் கிடைக்காது. ஜில்லென்று குடித்தால் இதில் பாதி மணம் தெரியாமலே போய்விடும்.

புட்டியில் அடைத்த பிறகும் பிரெட்டனோமைசிஸ் உயிரோடுதான் இருக்கிறது. வருஷம் போகப்போகத் திராட்சை மணம் மங்கும், லாயம் ஓங்கும். பழவாசனை வேண்டுமென்பவர்கள் புட்டியைப் பத்திரப்படுத்தாமல் சீக்கிரமே திறந்துவிடுவது நல்லது.