கோதுமை வேண்டாத கோடை விருந்து

சித்திரை, வைகாசி மாதங்களில் நம் வீடுகளில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. விசேஷம் என்றால் கேசரி. விருந்தாளி வந்தால் சேமியாப் பாயஸம். குழந்தை அழுதால் பிஸ்கோத்து. இம்மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது நம்மில் பலருக்கு ஞாபகம் வருவதில்லை. ரவை என்று ஒரு தானியம் பூமியில் எங்கும் விளையவில்லை. அது உடைத்த கோதுமை. மைதாவும், கடையில் விற்கும் சேமியாவில் பெரும்பகுதியும் அதே கோதுமையின் வேறு வேஷங்கள்தாம்.

கோதுமையை நிந்திப்பது என் நோக்கமன்று. பெரும்பாலோருக்கு அது நல்ல ஆகாரம். ஆனால் சிலருடைய தேகம் அதை ஏற்பதில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் 'குளூட்டன்' என்ற பசைப் புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுத்த இழுப்புக்கு வருவது இதனால்தான். 'சீலியாக்' என்னும் வியாதி உள்ளவர்கள் இதை உண்டால், தேகத்தின் காவல் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கி, ஆகாரத்தின் ஸாரத்தைக் கிரகிக்கும் நுண்ணிய விரல் போன்ற பாகங்களை மழுங்கச் செய்துவிடுகிறது. குழந்தை சாப்பிடுகிறது, ஆனால் வளர்வதில்லை. இரத்தம் குறைகிறது, வயிறு மட்டும் உப்புகிறது. நம் தேசத்தில் சப்பாத்தி உண்ணும் வடக்கே இது அதிகம், சோறு உண்ணும் தெற்கே குறைவு. என்றாலும் இங்கு இல்லாமலில்லை.

இதன் காரணம் புலப்பட்ட கதையில் ஒரு பழத்துக்கும் பங்கு உண்டு. 1924-ம் வருஷத்தில் நியூயார்க் நகரத்து வைத்தியர் ஸிட்னி ஹாஸ் என்பவர், இவ்வியாதி கண்ட குழந்தைகளுக்கு ரொட்டியை நிறுத்தி வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தார். குழந்தைகள் தேறின. புகழெல்லாம் வாழைப்பழத்துக்கே போயிற்று. ரொட்டி நின்றதை யாரும் பெரிதாகக் கருதவில்லை. பின்னர் 1944–45 குளிர்காலத்தில், யுத்தத்தினால் ஹாலந்து தேசத்தில் கொடிய பஞ்சம் நேர்ந்தது. ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில் மற்றக் குழந்தைகள் வாட, இந்நோயாளிக் குழந்தைகளுக்கு மாத்திரம் உபத்திரவம் குறைந்தது. ஹேக் நகரத்தில் குழந்தை வைத்தியராயிருந்த வில்லெம் டிக்கே, கோதுமையின்மீது தாம் முன்பே கொண்டிருந்த ஐயம் இதனால் உறுதிப்படக் கண்டு, ஆராய்ந்து, 1950-ல் தம் நூலை வெளியிட்டார். இன்றுவரை இதற்கு மருந்து, குளூட்டனை ஆயுள் முழுவதும் விலக்குவதுதான். ஒன்று மட்டும் முக்கியம்: சந்தேகம் தோன்றியவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. முதலில் இரத்தப் பரிசோதனை. நிறுத்திய பிறகு சோதித்தால் உண்மை தெரியாமற் போகும்.

வைத்தியம் சுலபம்போல் தோன்றுகிறது. கஷ்டம் பந்தியில்தான் இருக்கிறது. என் வகுப்பில் படித்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பள்ளி விழாவில் எல்லாருக்கும் கேசரி வழங்கியபோது, "எனக்கு இன்றைக்கு விரதம், டீச்சர்" என்றாள். அவளுக்கென்று தனியாக ஒரு சம்புடத்தில் ஏதோ கொண்டுவந்திருந்தாள். தனிச் சம்புடத்துப் பக்ஷணம் எவ்வளவு ருசியாயிருந்தாலும் அது மருந்தின் ஜாதியே. வீட்டார் அனைவரும் உண்ணும் பாத்திரத்திலிருந்தே அந்தக் குழந்தைக்கும் பரிமாற முடியுமானால் அல்லவா அது விருந்து? நம் நாட்டுக் கோடைப் பழங்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யாமலிருப்பதற்குக் காரணமே கிடையாது.

பலாப்பழத்திலிருந்து தொடங்கலாம். நாஞ்சில் நாட்டிலும் மலையாளத்திலும் செய்யும் இலையடைக்கு நிகரான சிற்றுண்டியை நான் கண்டதில்லை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, லேசாக வறுத்துக்கொள்ள வேண்டும். அரிசி மாவில் இழுபடும் பசை கிடையாதல்லவா? அதற்குப் பதிலாகத்தான் கொதிக்கும் நீரை ஊற்றிப் பிசைகிறோம். மாவுச்சத்தில் ஒரு பங்கு அப்போதே வெந்து கூழாகி, மற்றதைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஆறியிருந்தால் அடை விரிசல் விடும். எத்தனை பிசைந்தாலும் பயனில்லை. பதினைந்து சுளைகளைப் பொடியாக நறுக்கி நெய்யில் வதக்கி, முக்கால் டம்ளர் வெல்லமும் அரை மூடித் தேங்காய்த் துருவலும் ஏலமும் சேர்த்துச் சுருளக் கிளறிப் பூரணம் செய்துகொள்க. அனலில் வாட்டிய வாழையிலைத் துண்டில் மாவை மெல்லியதாகத் தட்டி, பூரணம் வைத்து இலையோடு மடித்து, ஆவியில் கால் மணி நேரம் வைத்தால் போதும். இலையின் மணமும் பலாவின் மணமும் கலந்து வரும்போது யாரும் கேசரியை நினைக்கமாட்டார்கள்.

அதே சுளைகளை வேகவைத்து மசித்து, வெல்லப் பாகில் நெய்விட்டுக் கிளறி, தேங்காய்ப்பாலில் கரைத்தால் பிரதமன். மூன்றாம் பாலும் இரண்டாம் பாலும் கொதிக்கலாம். முதற்பாலை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே ஊற்ற வேண்டும். கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். சுக்குப்பொடியை மறக்கலாகாது.

மாம்பழத்துக்கு ஜவ்வரிசி நல்ல துணை. இது மரவள்ளிக் கிழங்கின் மாவு. இரண்டாம் உலக யுத்தத்தில் மலேயாவிலிருந்து சரக்கு வருவது நின்றபோது சேலத்தில் பிறந்த சுதேசித் தொழில் இது. நல்ல மாம்பழத்துக்கும் பெயர்பெற்ற அதே சேலந்தான்! அரை டம்ளர் ஜவ்வரிசியை ஊறவைத்து, மூன்று டம்ளர் நீரில் கண்ணாடிபோல் வேகவிட்டு, ஆறவைத்து, இரண்டு பழத்தின் கூழும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்க்கலாம். சூடான பசும்பாலில் மாம்பழத்தைச் சேர்த்தால் புளிப்பினால் பால் திரியும். ஜவ்வரிசி ஆற ஆற இறுகுமாதலால் முதலில் சற்று நீர்க்கவே இருக்கட்டும்.

பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மலைவாழை, சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் சேர்ந்த அதில் தானியமே இல்லை, அடுப்பும் தேவையில்லை.

ஆனால் பதார்த்தம் சரியாயிருந்து, கருவி கெடுத்துவிடுவதும் உண்டு. தெருமுனை மாவு மில்லில் நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துச் சென்றிருப்பார். அந்த மாவு நம் அரிசி மாவில் கலந்துவிடும். இவ்வியாதி உள்ளவர்களுக்கு அந்தச் சிறு அளவே போதும். 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாதென்பது நம் தேசத்துச் சட்டம், இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே அரிசியை வீட்டிலேயே இடிப்பதோ, உலர்ந்த அரிசியை வீட்டு மிக்ஸியில் பொடிப்பதோ உத்தமம். சப்பாத்திக்கு உபயோகித்த சல்லடையையும் இதற்குத் தொடவேண்டாம். உடம்புக்கு நல்லதென்று பார்லிக் கஞ்சி கொடுப்பதும், மால்ட் கலந்த பானங்களைக் கொடுப்பதும் தவறு. பெருங்காயத்தூளில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவைக் கலக்கிறார்கள். பந்தியில் சாம்பாரும் உண்டல்லவா? டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்தே வாங்க வேண்டும். ஐஸ்கிரீமை மொறுமொறுப்பான கூம்பில் கொடுத்தால் அதுவும் கோதுமையே, கிண்ணத்தில் கொடுக்கலாம்.

இவ்வளவு கவலையும் வேண்டாமென்பவர்களுக்கு நுங்கு இருக்கிறது. நகம் பதியும் இளநுங்காகப் பன்னிரண்டு பொறுக்கி, தோலை உரித்து, உள்ளிருக்கும் நீர் வீணாகாமல் கிண்ணத்தின் மீதே வைத்துக் கைகளால் பிசையுங்கள். ஒரு லிட்டர் பாலை மூன்றில் இரண்டு பங்காகக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலமும் இட்டு, நன்றாகக் குளிரவைத்து இதனுடன் கலக்கவேண்டியதுதான். நுங்கை அடுப்பில் ஏற்றவேண்டாம். பகல் இரண்டு மணி வெயிலில், மண்பானையின் பக்கத்தில் வைத்திருந்து எடுத்து, வீட்டில் எத்தனை பேர் உண்டோ அத்தனை டம்ளர்களில் ஊற்றிக் கொடுங்கள்.