புரோமிதியசும் மீன்கொத்தியும்

கிரேக்க, உரோமப் புராணங்களைப் பாடமாக எடுத்திருக்கிறேன் என்றதும் நம் மன்றத்து நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே. "அந்தமானில் இருந்துகொண்டு ஒலிம்பஸ் மலைத் தேவர்களின் கதையைப் படித்து என்ன பயன்?" ஆங்கிலக் கவிதை விளங்க வேண்டுமானால் சீயசும் வீனசும் தெரிந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான விடை. அது உண்மைதான், ஆயினும் எனக்கு அது போதவில்லை. அந்தக் கதைகளுள் சில நாம் நிற்கும் இந்தக் கரைக்கே வந்திருக்கின்றன. வந்து, இங்குள்ள மக்களின் பெயரைக் கெடுத்தும் இருக்கின்றன.

கி.மு. 400ஐ ஒட்டி வாழ்ந்த கிடீசியஸ் என்னும் கிரேக்கர் பாரசீக மன்னனின் அரண்மனை மருத்துவர். இந்தியாவை நேரில் காணாதவர். இந்திய மலைகளில் நாய்த்தலை மனிதர் வாழ்வதாக அவர் எழுதி வைத்தார். உரோமாபுரிப் பிளினி முதல் நூற்றாண்டில் அதைத் தம் நூலில் ஏற்றினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இக்கடல் வழியே சென்றார். அந்தமான் மக்களுக்குத் தலையும் பல்லும் கண்ணும் நாயைப் போன்றவை என்றும், அயலாரைப் பிடித்துத் தின்பர் என்றும் அவருடைய நூல் கூறுகிறது. மலையிலே பிறந்த கதை மரக்கலம் ஏறித் தீவில் இறங்கிவிட்டது!

இரண்டாம் நூற்றாண்டுத் தாலமியும் கங்கைக்கு அப்பாலுள்ள கடலில் ஒரு தீவுக்கு 'நல்ல தெய்வத்தின் தீவு' என்று கிரேக்கப் பெயர் சூட்டினார். அதை அந்தமான் என்பாரும் உண்டு, நிக்கோபார் என்பாரும் உண்டு. அந்த நல்ல தெய்வத்தைக் கிரேக்கர் பாம்பு வடிவில் வரைந்தனர். உடனே நம் நாகரை நினைத்துக்கொண்டு முடிச்சுப் போடத் தோன்றும்; அவ்வளவு விரைவு வேண்டாம் என்பது என் கருத்து. தாலமி அப்பக்கத்துத் தீவுகளுள் ஒன்றில் ஆடையின்றித் திரிவோரையும், வேறு சிலவற்றில் மனிதரைத் தின்போரையும் குடிவைத்தார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இக்கதை யவனருக்கு மட்டும் உரியதன்று. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நக்க சாரண நாகர் வாழும் மலையை அடைகிறான். அவர்களும் ஆடையற்றவர், ஆளைத் தின்பவர். அது நக்கவாரம், அதாவது நிக்கோபார் என்று கருதுவோர் உண்டு. (இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியிலும் மாநக்கவாரம் வருகிறது.) இதனை ஒடிசியின் ஒன்பதாம் காண்டத்தோடு சேர்த்துப் படித்தால் சுவை மிகும். ஒற்றைக் கண்ணன் பாலிபீமசின் குகையில் அகப்பட்ட ஒடிசியஸ், அவனுக்கு மதுவை ஊட்டி மயக்கி, கண்ணைக் குத்தித் தப்புகிறான். சாதுவனோ நாகர் மொழி அறிந்தவன். தின்ன வந்தவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். தலைவன் தந்த கள்ளையும் ஊனையும் மறுக்கிறான். கொல்லாமையை எடுத்துரைத்து, பரிசில் பெற்று ஊர் திரும்புகிறான். அங்கே விருந்தாளி மது கொடுத்துக் கெடுத்தான். இங்கே விருந்தாளி மதுவை மறுத்துப் பேசினான். ஆயினும் தமிழ்ப் புலவரும் தீவு மக்களை ஆளைத் தின்பவராகவே காட்டினார் என்பதை மறைப்பதற்கில்லை.

உண்மை என்ன? அந்தமான் பழங்குடிகளுடன் பல்லாண்டு பழகி 1883-ல் அவர்களைப் பற்றி எழுதிய மான் என்னும் ஆங்கில அதிகாரி, நரமாமிசப் பழக்கம் அவர்களிடம் இல்லை என்றார். இறந்த உறவினரின் எலும்பையும் மண்டை ஓட்டையும் அன்பின் அடையாளமாக அணிந்துகொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. கரையோரம் வந்த மாலுமி அதைக் கண்டு வேறு பொருள் கொண்டிருக்கலாம்.

அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைகளோ வேறு வகை. புரோமிதியஸ் விண்ணுலகத் தீயை ஒரு செடித்தண்டில் ஒளித்து மனிதருக்குக் கொணர்ந்தான். சீயஸ் அவனைப் பாறையில் பிணித்துக் கழுகுக்கு ஈரலை இரையாக்கினான். இதனை நாம் தேர்வுக்குப் படிக்கிறோம். 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆராய்ந்த ராட்கிளிப் பிரௌன் எழுதிவைத்த கதையைக் கேளுங்கள். தீ பிலிகு என்னும் தெய்வத்திடம் இருந்தது. அவள் உறங்குகையில் மீன்கொத்தி அதைத் திருடியது. விழித்த பிலிகு முத்துச்சிப்பி ஓட்டை வீச, பறவையின் சிறகும் வாலும் அறுபட்டன. அது விடவில்லை, நீரில் பாய்ந்து நீந்திச் சென்று தீயைச் சேர்ப்பித்தது. பின்பு புறா அதை எல்லார்க்கும் பகிர்ந்தளித்தது. பிலிகு சினந்தால் புயல் எழும். அவள் வீசும் முத்துச்சிப்பியே மின்னல். தேன்மெழுகை உருக்கினாலும், சில்வண்டு பாடும் நேரத்தில் ஓசை எழுப்பினாலும் அவளுக்குச் சினம் வரும். சீயசின் இடிக்குக்கூட இத்தனை நுட்பமான காரணங்களை நான் கண்டதில்லை. பௌசானியசை மொழிபெயர்த்த கிரேக்கப் பேரறிஞர் பிரேசர், தீயின் பிறப்பைப் பற்றி 1930-ல் வெளியிட்ட நூலில் புரோமிதியசுக்கும் அந்தமானியருக்கும் ஒருங்கே இடம் தந்தார்.

அந்தக் கதைகளைச் சொன்ன மக்கள் என்ன ஆயினர்? 1858-ல் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பை நிறுவினர். 1877-ல் தட்டம்மை பரவிப் பலரைக் கொன்றது. பெரும் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். அவர்களுடைய மொழிகளுள் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூதாட்டி போவா 2010 சனவரியில் மறைந்தார். மிச்சமிருந்த முதியோரிடமிருந்து மொழியியலறிஞர் அன்விதா அப்பி திரட்டிய பத்துக் கதைகளும் 46 பாடல்களும் 2021-ல் நூலாக வந்துள்ளன. புரோமிதியசைப் பற்றிக் கட்டுரை எழுதும் நண்பர்கள், ஈசியோடு கவிஞரின் நூலுக்குப் பக்கத்தில் இதையும் விரித்து வைத்துக்கொள்ளலாம்.